சரிகை மட்டும் மிஞ்சிய புடவை

எல்லாரும் நலமா? மழைக்காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். என் முழங்கால் வலி என்னோடு கூடவே வரும், அதை விடுங்கள்.

இது அறுபத்தெட்டில் நடந்தது. என் அக்கா கிருஷ்ணவேணி இறந்த மாதமே, செவிலிமேட்டில் அவள் வீட்டு உத்திரச் சந்தில் ஒரு குருவி கூடு கட்டியது. "அவதான் வந்துகீறா. யாரும் கலைக்கக் கூடாது" என்று அக்கா புருஷன் ராஜகோபால் மாமா குடுமியை முடிந்துகொண்டே சொல்லிவிட்டார். கூட்டுக்கு நேர் கீழே, பரணில் அக்காவின் மூங்கில் பெட்டி. அதில் அவள் சவுரிமுடி; கூடவே பருத்தித் துணியில் சுற்றி, மாமா தன் கையால் அவளுக்கு நெய்த கல்யாணப் புடவை. அதைக் கட்டித்தான் மணையில் உட்காருவேன் என்று மகள் காந்தா ஒரே பிடிவாதம்.

ஆடியில் குஞ்சுகள் பறந்துவிட்டன. பிறகு ஜன்னலோரம் கடுகளவு வண்டுகள் தென்பட்டன. பெருக்கித் தள்ளினோம், அவ்வளவுதான்.

முகூர்த்தத்துக்கு மூன்று நாள் முன்பு காந்தா பெட்டியைத் திறந்து புடவையைத் தூக்கினாள். பட்டு இல்லை. சரிகை மட்டும் மீன் முள் மாதிரித் தொங்கியது. அக்காவின் சவுரிமுடி இருந்த இடத்தில், அதைக் கட்டிய நூல் மட்டும், முடிச்சு அவிழாமல். சுற்றியிருந்த பருத்தித் துணியில் ஒரு ஓட்டை இல்லை.

"எலியா சித்தி?"

"எலி துணிய வுட்டுட்டுப் போவுமாடி?"

காந்தா உத்திரத்தைப் பார்த்தாள். "அப்பா, அம்மாவா இருந்தா என் பொடவையத் துன்னுமா?"

மாமா ஏணி வைத்துக் கூட்டை இறக்கினார். உள்ளே இறகு, தூசி, மெத்தை போட்டாற்போல் நீள முடி. அக்கா சிக்கெடுத்துச் சுவர் இடுக்கில் செருகிவைத்த முடி. அது மெல்ல ஏறி இறங்கியது.

"மூச்சு வுடுதும்மா" என்றார் மாமா.

விரலால் விலக்கினேன். அடியில் ரோமம் அடர்ந்த பழுப்புப் புழுக்கள், அரிசியில் பாதி இருக்கும், நெளிந்துகொண்டிருந்தன.

"கூட்டுப் பூச்சிங்க மாமா. குஞ்சுங்க போனதும் பசியெடுத்து எறங்கிகீது. குடுங்க, கொளுத்திடலாம்."

"வேணாம்மா. அவள ஒரு தரம் கொளுத்தியாச்சு."

காந்தா கடைப் புடவையில் மணையேறினாள். தாலி ஏறும்வரை நிமிரவே இல்லை.

மறுவாரம் போனேன். கூடு மறுபடி பழைய இடத்திலேயே இருந்தது. மாமா ஏணிமேல் நின்று அதற்குள் எதையோ திணித்துக்கொண்டிருந்தார்.

"காந்தாவும் போயிட்டா. பசியோட இருக்கக் கூடாது இல்லம்மா" என்றபடி இறங்கினார்.

அவர் தலையில் குடுமி இல்லை.

உங்கள் வீட்டிலும் குருவிக் கூடு இருந்திருக்குமே. கலைத்தீர்களா, விட்டுவிட்டீர்களா, பிறகு என்ன ஆனது? எனக்கு ஒரு வரி எழுதுங்கள்.