கல்லில் அழித்த கப்பல்

போன வருஷம் ஹஜ்ஜுப் பெருநாளுக்கு இரண்டு நாள் இருந்தபோது, விடியுமுன்னே பீரங்கி வெடித்தது. கோட்டையில் பெருநாளுக்குக் குண்டு போடுவது வழக்கம். பிறைக் கணக்கில் நாங்கள்தான் பிசகிவிட்டோம் என்று என் மனைவி ஆசியா பீவி பதறி, ஆறு வயது ரொஸ்னாவுக்குப் புதுச் சட்டையை மாட்டினாள். மகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினேன். அங்கே பெருநாளும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. யுத்தத்துக்கு வந்த ஜெர்மன் கப்பல் ஒன்று எங்கள் துறைமுகத்தில் நின்ற ருஷ்யக் கப்பலைச் சுட்டு மூழ்கடித்துக்கொண்டிருந்தது. தண்ணீரில் ஆட்கள் மிதந்தார்கள்.

அன்றிலிருந்து பிள்ளைக்குப் பேச்சே குறைந்துவிட்டது. “அது பெருநாள் வாணவேடிக்கை. மத்ததெல்லாம் நீ கனாக் கண்டே” என்று ஆசியா தினமும் சொல்லிவந்தாள். நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாமே அலுத்துவிட்டது.

நான் அச்சகத்தில் கல்லச்சுக்காகக் கல்லின்மேல் படம் எழுதுகிறவன். சின்னப் பிள்ளைகளுக்கு நம் ஊரைப் பற்றி ஒரு படப் புத்தகம் போடலாம் என்றார் முதலாளி சீனி முகம்மது. புத்தகத்தில் துறைமுகத்துக்கான பக்கத்தில் அந்த மூழ்கும் கப்பலை எழுதினேன். மனித உருவம் எழுதினால் அவருக்கு ஆகாது. ஆட்களுக்குப் பதிலாகத் தொப்பிகளை மிதக்கவிட்டேன்.

“ஹபீபு, உமக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சா? பச்சப் பிள்ளைங்களுக்கு, பொணம் மிதக்குற மையித்துக் கதையா?” என்றார்.

“ஊரே பாத்ததுதானே முதலாளி.”

“பாத்தது போதும். அழிச்சிடும்.”

வீட்டிலும் அதே பாட்டுதான். “மறந்துக்கிட்டு வர்ற பிள்ளைக்கு நீங்களே ஞாபகப்படுத்துவீங்களா?” என்றாள் ஆசியா. யாரோடு மல்லுக்கட்டுவது? கல்லைத் தேய்த்து அழித்துவிட்டு, அமைதியான கடலில் இரண்டு பாய்மரப் படகுகளை எழுதித் தொலைத்தேன்.

அச்சான தாளை ரொஸ்னாவிடம் கொடுத்தேன். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால், கடலையே விரலால் தடவிக்கொண்டிருந்தாள்.

“இது யாரு எழுதினது அத்தா?”

“நான்தாம்மா.”

“அப்ப நீங்களும் பாக்கலையா? எனக்கு மட்டும்தான் கிறுக்கா?”

சொல்லாதீர்கள் என்று ஆசியா அடுப்படியிலிருந்து கண்ணைக் காட்டினாள். தன் கண்ணையே நம்பாமல் இத்தனை மாதம் கிடந்திருக்கிறதே பிள்ளை.

“பாத்தேம்மா. உன்னைத் தோள்ல வச்சுக்கிட்டு நானும் பாத்தேன். கனா இல்ல. அவங்கல்லாம் மவுத்தாப் போயிட்டாங்க.”

ரொஸ்னா என் மடியில் முகத்தைப் புதைத்துக் கதறினாள். ஆசியா வந்து என்னைத் திட்டப்போகிறாள் என்று நினைத்தேன். அவளோ எங்கள் பக்கத்தில் உட்கார்ந்து மகளின் முதுகைத் தடவினாள்.

“அம்மாதான் பொய் சொன்னேன்” என்றாள்.