சுரண்டாத பெட்டி

தேனீக்காரர் தீக்குச்சியைத் தேனடையின் புழுவறைக்குள் விட்டு மெல்ல வெளியே இழுத்தார். காப்பி நிறத்தில் ஒரு நூல் குச்சியோடு விரல் நீளத்துக்கு வந்து அறுந்தது. பக்கத்தில் நின்ற சிஸ்டருக்கு அந்த நாற்றமே போதும். முப்பத்து நான்கு வருடம் ஆபரேஷன் தியேட்டரில் நின்ற மூக்கு. ஓய்வுபெற்று ஆறு வருடமாகியும் தெருவில் எல்லோருக்கும் அவள் சிஸ்டர்தான்.

"கிருமிதான். புழுவெல்லாம் அழுகிப்போச்சு," என்றார் அவர்.

மொட்டைமாடியில் மூன்று பெட்டிகள் வைத்திருந்தாள். முதல் பெட்டி போன மாதமே காலி. இது இரண்டாவது. மூன்றாவதும் போய்விட்டால் அந்த வீட்டில் அவளைத் தவிர உயிருள்ள சத்தம் ஒன்றும் மிஞ்சாது. தேனுக்காக வளர்த்தவள் இல்லை. தேன் பட்டாலே அவளுக்குப் பல் கூசும். தங்கை வீட்டை விட்டுப் போன பிறகு காதுக்கு ஏதாவது வேண்டியிருந்தது, அவ்வளவுதான்.

எங்கே தப்பு நடந்தது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. வாரம் தவறாமல் பெட்டிகளைத் திறந்து, தேனீக்கள் உள்சுவரில் அப்பி வைக்கும் பழுப்புப் பிசினை ஒரு பொட்டு விடாமல் சுரண்டி, வெந்நீர்த் துணியால் துடைத்துவிடுவாள். பெட்டிக்குள் முகம் பார்க்கலாம். அந்த வழவழப்பைத் தேனீக்காரர் விரலால் தடவிப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தாள். அவருக்குச் சிரிப்புதான் வந்தது.

"இந்தப் பிசினுதான் சிஸ்டர் அதுங்களுக்கு மருந்து. மரத்துலேர்ந்து எடுத்துவந்து செவுரு பூரா பூசிக்கும். கிருமிய ஓரளவு அடக்கி வைக்கும். நீங்க வாராவாரம் மருந்த வழிச்சு வெளிய போட்டிருக்கீங்க."

ஒரு கத்திரிக்கோல் அழுக்காக இருந்ததென்று பேர் வாங்காதவள் அவள்.

இரண்டாவது பெட்டி தேறாது என்று அன்று பொழுது சாய்ந்ததும் கொல்லையில் குழி வெட்டித் தேனீக்களோடு எரித்தார்கள். மூன்றாவதில் ஓரிரு புழுக்கள்தான் நிறம் மாறியிருந்தன. அதிலிருந்த தேனீக்களை மட்டும் புதுப் பெட்டிக்குள் உதறிவிட்டு, அடைகளை நெருப்பில் போட்டார் தேனீக்காரர். புதுப் பெட்டியின் உள்பலகை இழைக்காத சொரசொரப்புப் பலகை. அப்போதுதான் பிசின் பூசும் எண்ணமே அவற்றுக்கு வருமாம். வெளித்தேன் ஊட்டக்கூடாது, வேறு பெட்டியின் அடைச் சட்டத்தை இதில் மாட்டக்கூடாது, நான்கு வாரத்துக்குத் திறக்கக்கூடாது, எல்லாவற்றுக்கும் மேல் சுரண்டக்கூடாது என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்போது சுரண்டியையும் கையோடு எடுத்துக்கொண்டார். ஆளை எடைபோடத் தெரிந்தவர்.

அந்த நான்கு வாரமும் அவளுக்குக் கை அரித்தது. கூடத்தில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தங்கை இங்கே இருந்தபோது நாற்காலியில் சாய்ந்து சாய்ந்து அந்தச் சுவரில் தலை எண்ணெய்க் கறை ஒன்று இருந்தது. சிஸ்டர் சோப்பு போட்டுத் தேய்த்தாள், சுண்ணாம்பு அடித்தாள், மறுபடி கறை வந்ததும் பழைய காலண்டர் தாளை ஒட்டினாள். பன்னிரண்டு வருடம் கூட இருந்த தங்கை, ஆபீசுக்குப் பக்கத்தில் ஓர் அறை பார்த்துக்கொண்டு போய்விட்டாள். மறுநாளே சிஸ்டர் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி வெள்ளையடித்தாள். சுத்தம் சோறு போடும் என்பார்கள். பேச்சுத்துணைக்கு அது பொறுப்பில்லை.

நான்காவது வாரம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பெட்டியைத் திறந்தாள். நாற்றமில்லை. புது அடையில் புழுக்கள் பால் வெள்ளையாகச் சுருண்டு கிடந்தன. உள்சுவரில் இடுக்கு இடுக்காகப் பழுப்புப் பிசின் ஏறியிருந்தது. அழுகை வந்தது அவளுக்கு. மூடிவிட்டுக் கீழே வந்து, ஏழு மாதத்துக்குப் பிறகு தங்கைக்குப் போன் செய்தாள். ஒரு பெட்டி பிழைத்துவிட்டது என்று மட்டும் சொன்னாள்.

"ஞாயித்துக்கெழம வரேன்க்கா."

சொன்னபடியே வந்தாள். டீயைக் கையில் வாங்கிக்கொண்டு பழைய நாற்காலியிலேயே உட்கார்ந்தாள், ஆனால் நுனியில், முதுகை நிமிர்த்தி. பிசின் கதையைக் கேட்டு, மருந்தைச் சுரண்டிப் போட்ட நர்ஸ் உலகத்திலேயே நீ ஒருத்திதான் என்று சிரித்தாள். சிஸ்டரும் சிரித்தாள்.

"சாஞ்சு உக்காரேன்டி," என்றாள் சிஸ்டர்.

"பரவால்லக்கா."

சொன்னாளே தவிர, தங்கை மெல்லப் பின்னால் நகர்ந்தாள். சுவருக்கும் தலைக்கும் நடுவே ஒரு விரற்கடை இருக்கும்போது அந்தத் தலை தானாக நின்றுவிட்டது. டீ ஆறி ஆடை கட்டும்வரை சிஸ்டர் அந்த இடைவெளியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.