பழைய அகலம்

போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றிக்கொள்ளலாம் என்று கண் மருத்துவர் சொன்னதற்கு மறுநாள்தான் அக்கா தன் எடிட்டரைக் கலைத்துப் போட்டு மறுபடி அடுக்கினாள். அலுவலகத்தில் எல்லோருக்கும் அவள் அக்காதான். பதினெட்டு வருடமாக நிரல் எழுதுகிறவள். அவளைவிட வயதில் மூத்த மேலாளர்கூட அப்படியே கூப்பிட்டுப் பழகிவிட்டார்.

எடிட்டர் என்பது நிரல் எழுதுகிற மென்பொருள். நடுவில் எழுதும் இடம், இடது ஓரத்தில் கோப்புகளின் பட்டியல், வலது ஓரத்தில் பிழைகளின் பட்டியல் என்று திரை முழுக்கப் பரந்து கிடக்கும். நல்ல கண்ணுக்கு அது வசதி. அக்காவுக்குக் கண் அழுத்தம். பக்கவாட்டுப் பார்வை தேய்ந்துகொண்டு வந்தது. எழுதுவதைப் பார்த்தால் பிழை தெரியாது, பிழையைப் பார்க்கப் போனால் எழுதியது எங்கே என்று தேட வேண்டும். சும்மா விடுவாளா? ஒவ்வொரு பட்டியலின் விளிம்பையும் மவுஸால் பிடித்து உள்ளே இழுத்தாள். எல்லாம் திரையின் நடுவே, தலையைத் திருப்பாமல் ஒரே பார்வையில் அகப்படுகிற மாதிரி வந்து உட்கார்ந்தன. இந்த அடுக்கு கலையாமல் இருக்க 'லேஅவுட்டைச் சேமி' என்பதை அழுத்தி, அதற்கு 'என்னது' என்று பெயரும் வைத்தாள்.

அலுவலகத்தில் யாருக்கும் அவள் கண் விஷயம் தெரியாது. பக்கத்து நாற்காலியில் இருக்கும் டெஸ்டர் மட்டும் விடமாட்டாள். அடுத்தவர் எழுதியதில் குற்றம் கண்டுபிடிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவள்.

"ஏன்க்கா, கம்பெனி இவ்ளோ பெரிய ஸ்கிரீன் வாங்கிக் குடுத்திருக்கு. நீங்க தபால்தலை சைஸ்ல குடித்தனம் பண்றீங்க?"

"எனக்கு வாடகை கம்மி, உனக்கென்ன?" என்பாள் அக்கா. இரண்டு பேரும் சிரிப்பார்கள்.

மருத்துவர் இன்னொன்றும் சொல்லியிருந்தார். "இது இப்படியே நின்னாலும் நிக்கும், நிக்காமலும் போகும். மூணு வேளையும் சொட்டு மருந்து விடுங்க. நாலு மாசத்துக்கு ஒரு தடவை வந்து டெஸ்ட் பண்ணிக்குங்க." அந்தச் சோதனை அக்காவுக்குப் பிடிக்கவே பிடிக்காது. வெள்ளைக் கிண்ணம் மாதிரி ஒன்றுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு, புள்ளி வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தாமல் கழிகிற ஒவ்வொரு நொடியிலும் ஒரு புள்ளியைத் தவறவிட்டோமோ என்று அவளுக்குத் தோன்றும். முதல் நாலு மாதம் முடிந்தபோது போகவில்லை. அடுத்த நாலு மாதம் முடிந்தபோதும் போகவில்லை.

கணவர் லிஃப்ட் மெக்கானிக். மேலேயும் கீழேயும் போய் வருகிற பொருளை மாதாமாதம் சோதிக்காவிட்டால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். விடாமல் நச்சரித்தார்.

"ஒரு தடவை போய்ட்டு வந்துடலாம், வா. நான் லீவு போடறேன்."

"எதுக்குங்க? அன்னைக்கு எப்படி அடுக்கி வச்சேனோ அப்படியேதான் இன்னைக்கும் வேலை பார்க்கறேன். எல்லாம் தெரியுது. கண்ணு குறைஞ்சிருந்தா எனக்குத் தெரியாதா? என் எடிட்டரைவிடவா அந்தக் கிண்ணம் சொல்லிடும்?"

அவருக்குக் கம்ப்யூட்டரைப் பற்றி ஒன்றும் தெரியாது. "நீ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேச்சை விட்டார். அந்த நம்பிக்கையில் அக்காவே இன்னும் ஒரு படி மேலே போய், மதிய மருந்தையும் நிறுத்திவிட்டாள். சொட்டு விட்டதும் கண் சிவந்துபோகிறது, "அழுதீங்களாக்கா?" என்று டெஸ்டர் கேட்கிறாள், அதற்கு ஒரு பொய் சொல்ல வேண்டியிருக்கிறது. எப்படியும் நின்றுவிட்டதே, பிறகு எதற்கு இந்தத் தொல்லை என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள். படித்தவளுக்கு இந்த வேலை தேவையா, சொல்லுங்கள்!

ஒரு திங்கட்கிழமை காலை எடிட்டரைத் திறந்தால், எல்லாம் தலைகீழ். சனி ஞாயிறில் புதிய பதிப்பை ஏற்றியிருக்கிறார்கள். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பட்டியல்கள் பழையபடி ஓரத்துக்கு ஓடிப்போயிருந்தன. நடுவில் நிரல் மட்டும் பாலைவனம் மாதிரி விரிந்து கிடந்தது. அக்காவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அப்புறம்தான் சேமித்து வைத்தது ஞாபகம் வந்தது. நல்லவேளை! மெனுவில் போய் 'லேஅவுட்டை மீட்டெடு' என்பதை அழுத்தி, 'என்னது' என்பதைத் தேர்ந்தெடுத்தாள்.

திரை ஒரு முறை சிமிட்டியது. நிரல் உள்ளே சுருங்கி வந்தது. ஆனால் கோப்புப் பட்டியலைக் காணோம். பிழைப் பட்டியலையும் காணோம். அவை வழக்கமாக இருக்கிற இடத்தில் இரண்டு பக்கமும் வெறும் வெள்ளை.

மறுபடி அழுத்தினாள். எடிட்டரை மூடித் திறந்து மறுபடி அழுத்தினாள். அதே வெள்ளை. கோபம் தலைக்கேறியது. கணினிகளைப் பராமரிக்கும் சிஸ்டம்காரருக்குப் போன் போட்டாள்.

"என்ன அப்டேட் போட்டீங்க நீங்க? லேஅவுட் பாதிதான் வருது. ரெண்டு பேனலைக் காணோம். நான் வேலை பார்க்க வேணாமா?"

"யாருக்கும் அப்படி கம்ப்ளெயின்ட் வரலையே மேடம்..."

"எனக்கு வந்திருக்கில்ல?"

சத்தம் கேட்டு டெஸ்டர் நாற்காலியை உருட்டிக்கொண்டு வந்தாள். "என்னக்கா, காலங்கார்த்தால யார்கூட மல்லுக்கு நிக்கறீங்க?"

"நீயே பாரு. என் லேஅவுட்டைக் கெடுத்து வச்சிருக்காங்க. ஃபைல் லிஸ்ட் எங்க? எரர் லிஸ்ட் எங்க?"

டெஸ்டர் திரையைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்தாள். "ரெண்டும் இருக்கேக்கா."

"எங்க இருக்கு?"

"இதோ." டெஸ்டர் திரையின் மேல் விரலை வைத்தாள். விரலும் அக்காவுக்குத் தெரியவில்லை. தலையை இடது பக்கம் திருப்பினாள். அப்போதுதான் விரல் தெரிந்தது; அதன் கீழே கோப்புகளின் பெயர்கள் ஒழுங்காக, வரிசையாக நின்றன. வலது பக்கம் திருப்பினாள். நாலு பிழைகள், நாலு சிவப்புப் புள்ளிகள். எல்லாம் பத்து மாதத்துக்கு முன்னால் அவளே இழுத்து வைத்த இடத்தில், ஒரு இம்மி மாறாமல் இருந்தன.

அக்கா நேராகத் திரும்பினாள். இரண்டும் மறுபடி மறைந்தன. போன் இன்னும் காதில்தான் இருந்தது. அந்தப் பக்கத்தில் சிஸ்டம்காரர் சமாதானமாகப் பேசிக்கொண்டிருந்தார்.

"மேடம், இருக்கீங்களா? நீங்க சேவ் பண்ணினது பழசு. அதான் வித்தியாசமா தெரியுது. எடிட்டரை மூடும்போதெல்லாம் அதுவா ஒரு காப்பி எடுத்து வச்சுக்கும். வெள்ளிக்கிழமை காப்பி இருக்கும் பாருங்க, அதைப் போட்டுக்குங்க. எல்லாம் தேதி வாரியா இருக்கும்."

சொன்ன இடத்தைத் திறந்தாள். இருநூறுக்கு மேல் காப்பிகள். ஒவ்வொன்றிலும் அந்தந்த நாள் பட்டியல்கள் இடமும் வலமுமாக எவ்வளவு அகலத்துக்குப் பரவியிருந்தன என்று எண்ணாகவே எழுதியிருந்தது. முதல் நாள் இருநூற்று அறுபது. பத்து நாள் கழித்து இருநூற்று ஐம்பத்தி நாலு. அடுத்த மாதம் இருநூற்று முப்பத்தி ஒன்று.

அவளுக்கு இப்போது ஞாபகம் வந்தது. காலையில் வந்து உட்கார்ந்ததும் நாற்காலியைச் சரிசெய்கிற மாதிரி, விளிம்பைப் பிடித்து ஒரு துளி உள்ளே தள்ளுவாள். ஏனோ இப்படி இருந்தால் சௌகரியமாக இருக்கிறது என்று தோன்றும், அவ்வளவுதான். அதைப் பெரிதாக யார் நினைத்தார்கள்? அவள் காபியைக் கையில் எடுப்பதற்குள் முடிந்துவிடுகிற காரியம்.

ஒரு நாளாவது எண் ஏறியிருக்குமா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஏறவில்லை. சில வாரங்கள் நின்றிருந்தது. மதிய மருந்தை நிறுத்திய மாதத்துக்குப் பிறகு நிற்கவும் இல்லை. வெள்ளிக்கிழமை நூற்றுப் பதினெட்டு.

"அக்கா, என்னாச்சு? முகம் வெளுத்துப் போச்சு" என்றாள் டெஸ்டர். அவள் குரலில் கிண்டல் போய்விட்டிருந்தது.

"ஒண்ணுமில்ல. நீ போய் வேலையைப் பாரு."

டெஸ்டர் போகவில்லை. அக்கா அவளைப் பொருட்படுத்தாமல் கணவருக்குப் போன் செய்தாள். எங்கேயோ ஒரு கட்டடத்தில், லிஃப்டின் மேல் நின்று வேலை பார்த்துக்கொண்டிருந்தவர் எடுத்தார். வேலை நேரத்தில் அவள் கூப்பிடுகிறவள் அல்ல.

"என்னம்மா?"

"டாக்டர்கிட்ட இன்னைக்கே நேரம் கேளுங்க."

"அட, அதிசயமா இருக்கே! எத்தனை தடவை கெஞ்சினேன்? நீதான் அப்படியே நிக்குதுன்னு..."

"நிக்கலைங்க."

கருவிகள் எதையோ அவர் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. "நீதானே சொன்னே, கம்ப்யூட்டர்ல நல்லாத் தெரியுதுன்னு. நீ சொன்னியேன்னுதானே நான் விட்டேன்" என்றார். திட்டவில்லை, கேட்டார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"என்னை நம்பினீங்களே, அதாங்க தப்பு."

"சரி, சரி, அதை விடு. எவ்வளவு போயிருக்கும்? கொஞ்சம்தானே?"

இந்தக் கேள்விக்கு வேறு எந்த நோயாளியும் தோராயமாகத்தான் சொல்ல முடியும். அவளுக்கு எண் எதிரிலேயே இருந்தது. பொய் சொல்ல வாய் வரவில்லை.

"பாதிக்கு மேல போயிடுச்சுங்க" என்றாள். "நான்தான் தினமும் கொஞ்சம் கொஞ்சமா இழுத்து மூடியிருக்கேன். எனக்கே தெரியலை."