அரை நிலாவும் பழுப்பு உறையும்

1

தொலைபேசி அலறியது.

[தொடர்கதைக்காரன் புத்தி என்று நினைக்காதீர்கள், நிஜமாகவே அலறியது. இந்தக் கதை பிறந்தது அந்தச் சத்தத்தில்தான்.] என் மனைவியின் மார்பக எக்ஸ்ரேயில் ஏதோ தெரிகிறதாம். ஸ்கேன் மையத்துக்கு உடனே வரச் சொன்னார்கள்.

2

வேறு தொடக்கம்: ‘அவள் கண்களில் மரணத்தின் நிழல்...’

அந்த வரியை அடித்துவிட்டேன். தோளுக்குப் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தவள், “நிழலும் இல்ல, ஒண்ணும் இல்ல. கண்ணாடியத் துடைச்சுப் போட்டுட்டுப் பாருங்க” என்றாள். முப்பது வருஷமாக என் முதல் வாசகி. “உங்க கதையில மார்புல கட்டின்னு வந்தவ எவ மூணாவது வாரத்தைத் தாண்டியிருக்கா? என்னையாவது கொஞ்சம் நிதானமா எழுதுங்க.”

3

டாக்டரம்மா திரையில் காட்டினார். மேல் ஓரத்தில், மிளகளவில் ஒரு வெள்ளைப் புள்ளி.

“நீர்க்கட்டியா இருக்கலாம். கெடுதல் இல்லாத பழைய கட்டியா இருக்கலாம். திசு ஒண்ணுமேல ஒண்ணு விழுந்ததுல வந்த தோற்றமா இருக்கலாம். புற்றாவும் இருக்கலாம்.”

“ஒரு புள்ளிக்கு இத்தனை முடிவா?” என்றேன். தொழில் பொறாமை.

“ஒண்ணைத் தவிர மத்ததையெல்லாம் நான் அடிச்சாகணும், சார். நாலு வருஷம் முன்னால எடுத்த படம் வேணும். இதே இடத்துல, இதே அளவுல அப்பவே இருந்திருந்தா பயமில்ல. புதுசுன்னா ஊசி வெச்சுத் திசு எடுக்கணும்.”

4

அந்தப் படம் எடுத்த இடத்தை எப்போதோ மூடிவிட்டார்கள். வீட்டில் பீரோ, பரண், கட்டிலுக்கு அடி, எங்கும் இல்லை.

[இங்கே ஒரு பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. என் மேல்தான்.]

கடைக்குப் போய் உறை வாங்கச் சோம்பல்பட்டு, வீட்டில் கிடக்கும் பெரிய உறைகளில் அத்தியாயங்களைத் திணித்து வாரப்பத்திரிகைக்கு அனுப்புவது என் வழக்கம்.

“போன மாசம் அந்த எக்ஸ்ரே வெச்சிருந்த பழுப்பு உறையில என்ன அனுப்பினீங்க?” என்றாள்.

“காதலர்கள் நிலா வெளிச்சத்துல சந்திக்கிற அத்தியாயம்.”

“கூடவே என்னையும் அனுப்பிட்டீங்க!”

சிரித்துவிட்டாள். சிரித்தபடியே என் கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன.

5

முடிவு ஒன்று: படம் குப்பைக்குப் போய்விட்டது.

முடிவு இரண்டு: படம் கிடைக்கிறது, ஆனால் அதில் புள்ளி...

மாட்டேன். அந்த வாக்கியத்தை எழுத எனக்குக் கை வராது. உங்களுக்குப் பிடித்த முடிவை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

நான் பேனாவை மூடுவதற்குள் அவள் பத்திரிகை அலுவலகத்துக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரை அமுக்கிவிட்டாள். என் தொடருக்குப் படம் வரையும் ஓவியர் எடுத்தார்.

“அந்தக் கறுப்பு பிலிமா, அண்ணி? கதையோட வந்துச்சே, அரை நிலான்னு ஜன்னல்ல ஒட்டிவெச்சு, அதைப் பார்த்துதான் வரைஞ்சேன். மேல் ஓரத்துல மிளகளவுக்கு ஒரு வெள்ளைப் புள்ளி இருந்துச்சு. நிலாவுக்குள்ள நட்சத்திரம் எப்படி வரும்னு அதை மட்டும் வரையாம விட்டுட்டேன், தப்பா?”