நாற்பத்தொரு முறை "புரிஞ்சுது"

ஐம்பது நிமிட வகுப்பில் நாற்பத்தொரு முறை "புரிஞ்சுதா?" என்று கேட்டிருந்தார் பியோ கியூசோக். நாற்பத்தொரு முறையும் பிள்ளைகள் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்" என்றிருந்தார்கள்.

கற்பித்தல் மையத்தின் சின்ன அறையில், திரைக்கு முன்னால் கைகளை மடியில் வைத்துக்கொண்டு அந்த வகுப்பின் வீடியோவைப் பார்த்தார். பதினான்கு வருடமாக அந்தக் கல்லூரியில் மின்சுற்றுப் பாடம் நடத்தும் ஒப்பந்த ஆசிரியர். போன பருவத்தில் மாணவர்கள் அவருக்குப் போட்ட மதிப்பெண் ஐந்துக்கு மூன்று புள்ளி ஒன்று. இன்னொரு முறை மூன்றரைக்குக் கீழே போனால் வேலை போய்விடும். அதனால்தான் இந்தப் பயிற்சி.

ஆலோசகர் சொன்வூ தாயினுக்கு முப்பது வயதிருக்கும். கேமராவைப் பிள்ளைகள் பக்கம் திருப்பி வைத்திருந்தாள்.

"என்னையக் காட்டுவீங்கன்னு நெனச்சேன்."

"உங்களப் பாத்து என்ன சார் ஆகப்போகுது? அவங்க மூஞ்சியப் பாருங்க."

பார்த்தார். ஒருவரும் தலையைத் தூக்கவில்லை. ஒருவன் குளிர்கோட்டுக்குள் சுருண்டு, தூங்கிக்கொண்டே வாயசைத்தான்.

"இனிமே அப்படிக் கேக்காதீங்க சார். யாரையாவது எழுப்பி, இப்ப நடத்தினத உன் வார்த்தையில சொல்லுன்னு கேளுங்க."

அடுத்த வகுப்பில் தாக் மின்ஹாவை எழுப்பினார். எப்போதும் முதலில் "புரிஞ்சுது" என்பவள். அவள் பலகையைப் பார்த்தபடி நின்றாள். காதுமடல் சிவந்தது.

"சரிம்மா, போன வாரம் நடத்தினது? அதுக்கு முந்தின வாரம்?"

"இப்படியே போனா நம்மள பாலர் பள்ளியில கொண்டுபோய் விட்டுருவாரு," என்று பின்னால் ஒருவன் முணுமுணுத்தான். யாரும் சிரிக்கவில்லை.

அதுவரை நடத்திய ஒன்பது வாரங்களையும் பின்னோக்கி நடந்து முதல் வாரத்தில் வந்து நின்றார். மின்னழுத்தம் என்றால் என்ன என்று முப்பத்திரண்டு பேரில் ஒருவருக்கும் சொல்ல வரவில்லை. வருடத்துக்கு அறுபது பேர் என்று பதினான்கு வருடத்துக்கும் மனம் தானாகப் பெருக்கிப் பார்த்தது.

முதலிலிருந்து தொடங்கினார். தினமும் நான்கு பேரை எழுப்பினார். கடைசி வாரத்தில் மின்ஹா பலகையில் ஒரு சுற்றை வரைந்து, மின்னோட்டம் எங்கே பிரிகிறது, எங்கே சேர்கிறது என்று தானே விளக்கினாள். "இவ்வளவுதானா சார்?" என்றாள். அந்த முகத்தைப் பார்க்கத்தான் வாத்தியார் வேலைக்கு வந்தோம் என்று அவருக்குத் தோன்றியது.

ஆனால் தேர்வு துறைக்கே பொதுவானது. பதினைந்து வாரப் பாடத்துக்கும் கேள்வி இருந்தது. அவர் பிள்ளைகளோ ஆறாம் வாரப் பாடத்தோடு நின்றிருந்தார்கள். மின்ஹாவும் தேறவில்லை.

ஆசிரியருக்கு மதிப்பெண் போட்டால்தான் தங்கள் மதிப்பெண்ணைப் பார்க்க முடியும் என்பதால் எல்லோரும் போட்டார்கள். இரண்டு புள்ளி நான்கு. கீழே ஒரு குறிப்பு: "தெரியாததைக் கேட்டு எல்லோர் முன்னாலும் நிற்க வைக்கிறார். புரிந்தது என்று சொன்னபோதே விட்டிருக்கலாம்." எழுதியது யார் என்று தெரிந்துகொள்ள வழியில்லை. கணினியில் எல்லார் எழுத்தும் ஒன்றுதான். ஆனாலும் அந்தச் சிவந்த காதுமடல் நினைவுக்கு வந்தது.

மேசையைக் காலி செய்த அன்று ஆலோசகர் தாயினிடம் விடைபெறப் போனார். அவள் தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினாள். பயிற்சி பற்றிய கருத்துப் படிவம். பன்னிரண்டு கேள்விகள்.

"இந்த நேரத்துல கேக்கக் கூடாதுதான். எனக்கும் பிப்ரவரியோட ஒப்பந்தம் முடியுது சார்."

"நீங்க சொன்னது சரிதாம்மா," என்றபடி மேலிருந்து கீழே வரிசையாக ஐந்து, ஐந்து என்று வட்டமிட்டார்.

"படிக்கவே இல்லையே சார்."

"பிள்ளைங்ககிட்ட கத்துக்கிட்டேன்."

அவள் அதை வாங்கி, மற்ற ஆசிரியர்கள் நிரப்பிய தாள்களின் மேல் வைத்தாள். அடியிலிருந்த தாள் ஒன்று சற்று விலகியிருந்தது. அதிலும் ஐந்துகள் நேர்க்கோடாக இறங்கின.