கடைசி அத்தியாயத்துக்கு முன்னால்

புது நாவல்களைப் பற்றி என் வலைப்பக்கத்தில் நான் எழுதும் குறிப்புகளுக்கு வாசகர்கள் உண்டு. என் மூக்குக்கண்ணாடிக் கடையில் தாடையைக் கண் பார்க்கும் கருவியில் முட்டுக்கொடுத்து உட்கார்ந்து, எழுந்து ஓட முடியாமல் கேட்பவர்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். ஒரே ஒரு கொள்கை: கடைசி அத்தியாயத்தைப் படிப்பதற்கு முன்பே குறிப்பை எழுதிவிடுவேன். முடிவு தெரிந்தால் மதிப்பீடு கெட்டுவிடும் என்பது என் சித்தாந்தம்.

என் மனைவி நேர் எதிர். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் பகல் முழுக்க ஊசி குத்திவிட்டு வருபவள், மேஜையில் கிடக்கும் என் புத்தகத்தின் கடைசி அத்தியாயத்தை மட்டும் படிப்பாள். "எங்க வேலையில ரிசல்ட்தாங்க முக்கியம்" என்பாள். ஆக, எங்கள் வீட்டில் ஒரு நாவலைப் படித்து முடிக்க இரண்டு ஆட்கள் தேவை.

இந்த ஏற்பாட்டில் அந்த நாவல் மண்ணள்ளிப் போட்டது.

எழுதியவர் புனைபெயருக்குள் ஒளிந்திருந்த ஒரு பெண். அட்டையில் படம் இல்லை. முதல் அத்தியாயத்திலேயே ஒரு கணவன் வந்தான். படித்துக்கொண்டே சாப்பிடுபவன். டம்ளர் என்று நினைத்துப் பூ ஜாடியை எடுத்து வாயில் வைப்பவன். மனைவியின் சீப்பைப் பக்க அடையாளமாகச் செருகுபவன். அவள் எதைச் சொன்னாலும் "ம்" என்பவன்.

எனக்குச் சுருக்கென்றது. புத்தகத்தை அடையாளம் வைத்து மூடினேன். வைத்தது என்னவென்று அப்புறம்தான் பார்த்தேன். சீப்பு.

அன்றிலிருந்து என் மனைவியைக் கவனிக்க ஆரம்பித்தேன். துணி மடித்துக்கொண்டே போனில் எதையோ தட்டிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தால் திரும்பிக்கொண்டாள். இதை எழுதியவள் இவள்தானோ, அடுத்ததையும் அத்தியாயம் அத்தியாயமாக எழுதி அனுப்புகிறாளோ? நாவல்கள் பற்றி என்னோடு சண்டை போடும் நண்பன் பல் டாக்டரைக் கூப்பிட்டேன்.

"டேய், இது என் வீட்டுக் கதைடா. அவதான் எழுதியிருக்கா."

"உன் வீடா? என் பொண்டாட்டி அதைப் படிச்சிட்டு என்னைப் பார்த்துப் பார்த்துச் சிரிக்கிறா. ராயல்டியில எனக்கும் பங்கு வேணும்டா."

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் கடைசிக்கு முந்தைய அத்தியாயத்தில் அந்த மனைவி பெட்டி கட்டினாள். ஒரே நாளில் அல்ல. இன்று ஒரு புடவை, நாளை ஒரு துண்டு என்று, வீட்டுக்காரன் கண்ணெதிரிலேயே.

எழுந்து போய்ப் பார்த்தேன். அலமாரி மேலிருந்த நீலப் பெட்டியைக் காணோம். கட்டிலுக்கு அடியில் இருந்தது. பாதி நிறைந்திருந்தது. புது பிரஷ், அவளுடைய ஸ்வெட்டர், அவளுக்குப் பிடித்த தலையணை உறை. தலையணை உறையை எடுத்துப் போகிறவள் சும்மா போகிறவள் அல்ல. கடைசி அத்தியாயத்தைத் திறந்து பார்த்துவிடலாம், கை வரவில்லை. இந்த முறை காரணம் கொள்கை இல்லை, பயம்.

அவள் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போதே கேட்டேன்.

"கடைசில அவ போயிடறாளா?"

"எவ?"

"அந்த நாவல்ல. அந்தப் பொண்டாட்டி."

"உங்க கொள்கை என்னாச்சு?"

"கொள்கை கிடக்கட்டும். நீலப் பெட்டி ஏன் கட்டிலுக்கு அடியில இருக்கு?"

அவள் என்னையும் அறைக்குள் கட்டிலடியில் தெரிந்த பெட்டியையும் மேஜைமேல் சீப்போடு கிடந்த புத்தகத்தையும் பார்த்தாள். அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அக்காவுக்குப் பித்தப்பை ஆபரேஷன். நான் போய் கூட இருக்கணும்னு சொன்னேன். லீவு கிடைச்சிடுச்சுன்னு சொன்னேன். தினமும் அவளுக்குத்தான் போன்ல மெசேஜ் தட்டிட்டிருந்தேன். எல்லாத்துக்கும் நீங்க 'ம்'னீங்க."

"தலையணை உறை?"

"ஆஸ்பத்திரி உறை அரிக்கும்ங்க."

அவளே மேற்கொண்டு சொன்னாள். "திரும்பி வந்துடறா. கடைசில. போதுமா? முகத்தைத் துடைங்க."

அவள் ஊருக்குப் போனதும் குறிப்பை எழுதினேன். அந்த மனைவி திரும்பி வரும் கட்டம் இந்த நாவலின் மகுடம் என்று ஒரு பத்தி முழுக்க உருகித் தள்ளினேன். வலையேற்றிய கொஞ்ச நேரத்தில் பல் டாக்டர் கூப்பிட்டான்.

"நீ எந்த நாவலைப் படிச்சே? அவ எங்கடா திரும்பி வந்தா?"

சீப்பை உருவிவிட்டுக் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். வரவில்லை. ரயில் கிளம்புகிறது, அவள் ஜன்னலை மூடிக்கொள்கிறாள், அவ்வளவுதான். பிரமாதமான முடிவு. எனக்குத்தான் தாங்கவில்லை. உடனே மனைவிக்குப் போன் போட்டேன்.

"பொய் சொல்லியிருக்கே."

"ஆமா. அன்னிக்கு உங்க மூஞ்சியைப் பார்த்துட்டு வேற என்ன சொல்றதாம்?"

"நீ வருவேதானே?"

"வராம? என் சீப்பு அங்கதான் இருக்கு. அது கிடக்கட்டும், அக்காவுக்கு இன்னிக்குத் தையல் பிரிச்சாங்க, அப்பப்பா, அவ போட்ட கூச்சல்..."

"ம்" நாக்கின் நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். புத்தகத்தை மூடித் தள்ளி வைத்தேன்.

"அப்புறம்?" என்றேன்.

"ஏங்க," என்றாள் அவள், குரலில் சந்தேகத்தோடு. "உடம்பு ஏதும் சரியில்லையா?"