பன்னிரண்டாம் நம்பர் கையுறை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் கற்பனையில் ஊறி வந்ததல்ல, ஒரு தந்தியில் வந்தது. 1954ஆம் ஆண்டு ஆவணி மாதம், எங்கள் பக்கத்துத் தபால் கந்தோர் ஒன்றில் நான் தந்தி அடிக்கிற குமாஸ்தாவாக இருந்தேன். (எந்தக் கந்தோர் என்று சொல்லமாட்டேன். பென்சன் காசு இன்னும் வந்துகொண்டிருக்கிறது.) கொழும்பிலே விளையாட்டுச் சாமான் விற்கிற கடை ஒன்றுக்கு அன்று என் கையால் தட்டி அனுப்பியது இது: ‘பொக்சிங் கையுறை நம்பர் பன்னிரண்டு இரண்டு சோடி உடன் அனுப்புக. மக்கீன்.’

அந்தத் தந்தியால் கல்முனைக் கடற்கரையில் ஐம்பதாயிரம் பேர் கூடினார்கள்.

(ஐம்பதாயிரம் கொஞ்சம் கூடிப்போயிற்று. அறுநூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வேலிக்கு அப்பால் நின்ற மாடுகளை நான் எண்ணவில்லை என்று சத்தியம் செய்யமுடியாது.)

2

தொடக்கங்கள் மூன்று எழுதினேன்.

‘கடல் அன்று கொந்தளித்—’ இல்லை. கச்சான் காற்று வீசுகிற காலத்தில் எங்கள் கடல் தட்டில் ஊற்றிய பால் மாதிரிக் கிடக்கும். ஊரார் சிரிப்பார்கள்.

‘மருதமுனையில் கலந்தர் என்றொரு மாவீரன்—’ மாவீரனா? எலியைக் கண்டால் தறிப்பலகையில் ஏறி நிற்கிற மனிதன் அவன்.

மூன்றாவது நிற்கட்டும்:

கலந்தரின் தறியில் நூல் தீர்ந்துகொண்டிருந்தது. தறியில் ஏற்றிய பாவிலே மிச்சம் இரண்டு முழம். எண்பதாம் நம்பர் நூல் மூன்று மாதமாக ஊருக்குள் வரவில்லை. நாற்பதாம் நம்பர் நூல் கிடைத்தது. ஆனால் அதில் இடுப்பில் கட்டுகிற சாறன் நெய்தால் சாக்கு மாதிரி இருக்கும் என்பது கலந்தரின் கட்சி. நூல் விஷயத்தில் நம்பர் கூடக் கூட இழை மெலியும். கல்முனைக்குப் பக்கத்து நெசவு ஊரான மருதமுனையில் இதைப் பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நடக்கத் தொடங்கும்போதே தெரிந்திருக்கும்.

அந்த நேரம் பார்த்துத்தான் மக்கீனின் கானிவல் கல்முனைக்கு வந்தது. மக்கீன் கெட்டிக்காரன். எந்த ஊருக்கு எது குறைவோ அதையே பரிசாகக் கட்டுவான். இறக்காமத்தில் ஒரு சோடி எருமை. சாய்ந்தமருதில் கரைவலை. மருதமுனைக்காரருக்கு இப்படி அறிவித்தான்: றொசைரோவின் முன்னால் நான்கு சுற்று விழாமல் நிற்கிறவனுக்கு எண்பதாம் நம்பர் நூல் ஒரு பொதி.

றொசைரோ மட்டக்களப்புப் பறங்கி. குத்துவதே அவனுக்குச் சீவியம். மூக்கு ஒரு பக்கம் போகும், முகம் மறுபக்கம் போகும்.

கலந்தர் பெயர் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தான். பெண்சாதி றுகையா சோற்றை வைத்தாள். கறியை வைக்கவில்லை.

“நூல் வாறது சரி. கை போனா?”

“கை எங்க போற? தோளோடதானே ஒட்டியிரிக்கி.”

“பெருவிரல் பிசகினா அறுந்த இழைய யாரு முடியிற? றொசைரோ வந்து முடிவானா?”

கலந்தர் வெறுஞ்சோற்றைப் பிசைந்தான்.

“இஞ்ச பாருங்க. சண்ட முடிஞ்சு வந்த கையோட, என்ட கண்ணுக்கு முன்னால எம்பதாம் நம்பர் இழ ஒண்ட முடிஞ்சு காட்டணும். ஏலாட்டி அந்தப் பொதி இந்த வாசல் தாண்டாது.”

“ஓம் புள்ள, ஓம். கறிய வை.”

3

இங்கே கதையை நிறுத்திவிட்டு ஒரு சிறு பிரசங்கம். வேண்டாதவர்கள் நான்காம் பகுதிக்குத் தாவலாம். தாவினால் பிறகு என்னைக் குறைசொல்லக்கூடாது.

குத்துச்சண்டைக் கையுறைகள் வெளியே பார்த்தால் எல்லாம் ஒரே தோல். வித்தியாசம் வயிற்றுக்குள் இருக்கிறது. சிலவற்றில் குதிரைமயிர், சிலவற்றில் பஞ்சு. குதிரைமயிர் முதலில் விறைப்பாக நிற்கும். குத்தக் குத்த முட்டியை விட்டு ஒதுங்கிப்போகும். மூன்றாம் சுற்றில் எதிராளியின் தாடையில் படுவது அநேகமாக எலும்புதான். பஞ்சு அப்படியல்ல, அடியை விழுங்கும். வாங்குகிறவனைக் காப்பதை விட, கொடுக்கிறவனின் கையைக் காக்கும். ஆகவே ஓங்கிக் குத்துகிறவன் மெல்லியதைத் தேடுவான். கை எலும்பு ஒருமுறை முறிந்தவன் தடித்ததைத் தேடுவான். முகத்தை மறைத்துக்கொண்டு பொழுதைப் போக்க நினைக்கிறவன் இருப்பதிலேயே பெரியதைத் தேடுவான். ஒருவன் என்ன கையுறை கேட்கிறான் என்று பார்த்தால் போதும், அவன் பயம் எங்கே இருக்கிறது என்று தெரிந்துவிடும்.*

* இவ்வளவும் றொசைரோ சொன்னது. கடைசி வரி மட்டும் நான் சேர்த்தது. நன்றாக இருக்கிறதல்லவா?

மக்கீனின் நிபந்தனைப்படி, சவால் விடுகிறவன் கையுறையைத் தெரிந்தெடுக்கலாம். இருவரும் அதையே போடவேண்டும். கலந்தரின் திட்டம் எளிது. முதல் சுற்றில் ஒரே குத்து, றொசைரோ மண்ணில், அந்திக்கு முன் நூல் வீட்டில். அதற்கு மெல்லிய கையுறை வேண்டும். கொழும்புக் கடையின் விலைப்புத்தகத்தில் படங்கள் மூன்றும் மூன்று சகோதரர் மாதிரி ஒன்றாக இருந்தன.

“என்னென்ன நம்பர் இரிக்கி, மக்கீன் காக்கா?”

“ஆறு, எட்டு, பன்னெண்டு.”

“பன்னெண்டு.”

மக்கீன் கண்ணாடியைக் கழற்றினான். “நல்லா யோசிச்சியாடா தம்பி? சண்டக்காரன் போடுறது ஆறு, எட்டு. பன்னெண்டு பழக்கத்துக்குப் போடுறது.”

“என்ன ஏமாத்தவா பாக்கிறீங்க? ஆறாம் நம்பர் கயிறு மாதிரி இரிக்கும். நான் பொறந்த நாள்ல இருந்து நம்பரோட சீவிக்கிறவன் காக்கா.”

“கிளவுசுக்கும் கயித்துக்கும் என்னடா—”

“பன்னெண்டெண்டா பன்னெண்டு!”

மக்கீன் எழுதிக்கொண்டான். இரண்டு முறை சொன்னதற்கு மேல் சொல்வது அவனுடைய தொழில் அல்ல.

4

(இந்தப் பகுதியை நான்கு தடவை கிழித்தேன்.)

தந்தித்தாள் என் மேசைக்கு வந்தது. பன்னிரண்டு என்பது அவுன்ஸ் என்று எனக்குத் தெரியும். கடிதத்தைத் தராசில் வைத்து அவுன்ஸ் பார்ப்பவன் நான். நம்பர் கூடினால் பாரம் கூடும். கலந்தரின் வாய்வீச்சு அதற்கு முன்பே கந்தோர்வரை வந்துவிட்டது, பன்னிரண்டுதான் மெல்லியது என்று சந்தி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தான். ஆளை அனுப்பிக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன்?

விளக்கம் ஒன்று: தந்தியில் உள்ளதைத் தந்தி அடிக்கிறவன் மாற்றக்கூடாது.

விளக்கம் இரண்டு: வேடிக்கை பார்க்க ஆசை. எனக்கு அப்போது வயது இருபத்துநான்கு.

விளக்கம் மூன்று: நான் தந்திக்கட்டையில் கை வைத்த நேரம் றுகையா உள்ளே வந்தாள். முக்காட்டை இழுத்துவிட்டு, முத்திரை வாங்க வந்தவள் மாதிரி நின்றாள்.

“தந்தி மாஸ்டர், அந்த நம்பர்ல எது தடிப்பு?”

நான் தராசைக் காட்டினேன். ஒரு பக்கம் பெரிய படிக்கல்லை வைத்தேன். தட்டு கீழே போயிற்று.

அவள் தட்டையே பார்த்துக்கொண்டு நின்றாள். சிரித்தாளா என்று முக்காட்டில் தெரியவில்லை.

“அப்ப அவர் சொன்னத அப்படியே அனுப்புங்க. நான் வந்ததக் கதைக்கப்படா.”

இனி உங்களிடம் ஒரு சந்தேகத்தைச் சொல்கிறேன். அந்தக் காலத்தில் மருதமுனைப் பெண்பிள்ளை ஒருத்தி தனியாகத் தபால் கந்தோருக்கு வருவது நடக்கிற காரியமா? என் குற்றத்தில் பாதியைச் சுமக்க ஆள் தேடி, நானே அவளை வாசலால் கூட்டிவந்திருக்கலாம். ஐந்தாம் தடவை கிழிக்க மனம் வரவில்லை. நிற்கட்டும்.

5

புகைவண்டியில் மட்டக்களப்புக்கும், அங்கிருந்து பஸ்ஸிலே கல்முனைக்கும் பொதி வந்தது. கலந்தர் அவிழ்த்தான்.

“என்ன காக்கா இது? கிளவுஸ் கேட்டா தலகணி வந்திரிக்கி!”

சிரிக்காமல் நின்றவன் றொசைரோ ஒருவன்தான். அவன் கையுறையை எடுத்து முட்டி படுகிற இடத்தைப் பெருவிரலால் அமுக்கிப் பார்த்தான். மாட்டிக்கொண்டு தன் உள்ளங்கையில் நாலு குத்துக் குத்தினான்.

“நல்ல சாமான் மச்சான். எப்பிடிக் கண்டுபிடிச்சாய்?”

“என்னத்த?”

“என்ட வலக்கை முட்டி ரெண்டு தரம் முறிஞ்சது. குதிரமயிர் போட்டா ராவைக்குச் சோத்தக் கரண்டியாலதான் தின்னுறன். மக்கீன் வாங்கித் தாறது எப்பவும் அதுதான், சனம் ரெத்தம் பாக்க வேணுமாம். பன்னெண்டுலதான் பஞ்சு வைக்கிற. எனக்கு முதல் முதலாப் பஞ்சு எடுத்துத் தந்தவன் நீதான்.”

கலந்தருக்கு உள்ளுக்குள் இடிந்தது. எதிராளியின் கையைக் காப்பாற்றவா தந்தி அடித்தது? இருந்தாலும் முகத்தை விடவில்லை. “ஓம், ஓம். அத யோசிச்சுத்தான் எடுத்த.”

6

பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு சண்டை. கலந்தரின் மூலையில் தண்ணீர்ப் போத்தலோடு நின்றவன் கல்முனை மீன்காரன் சாமித்தம்பி. பொக்சிங் என்பது அவனுக்கும் அன்றுதான் அறிமுகம்.

முதல் சுற்றில் கலந்தரின் அந்த ஒரே குத்து விழுந்தது. தலையணையால் தட்டிய மாதிரி ஒரு சத்தம். றொசைரோ, “இன்னொண்டு தா மச்சான், குளிருது” என்றான். சனம் கூவியது. கலந்தர் ஒன்றுக்குப் பத்து வாங்கினான். வாங்கியதும் தலையணைதான்.

இரண்டாம் சுற்றில் சாமித்தம்பி இரண்டு பேர்மீதும் தண்ணீரைக் கவிழ்த்தான். கையுறை தண்ணீர் குடித்தது. பன்னிரண்டு அவுன்ஸ் இருபதாயிற்று. (சரி, பதின்மூன்று.)

மூன்றாம் சுற்றில்தான் விஷயம் வெளிப்பட்டது. றொசைரோவின் கைகள் தாழத் தொடங்கின. எட்டு அவுன்சில் நாலு சுற்றை முடித்துப் பழகிய தோள் அது. கலந்தரோ காலை முதல் மாலை வரை தறியின் அச்சுச்சட்டத்தை இழுத்து அடிக்கிறவன், நாளைக்கு லட்சம் அடி. (பத்தாயிரம். அதற்குக் கீழே இறங்கமாட்டேன்.) அவனுக்குக் கையில் பாரம் இருப்பதே தெரியவில்லை. ‘பிழையான நம்பர்தான் சரியான நம்பரோ’ என்ற நினைப்பு அவனுக்கு அப்போதுதான் வந்தது. தறி அடிக்கிற தாளத்தில் அடித்தான்.

நான்காம் சுற்றின் கடைசியில், ஓய்ந்துபோன றொசைரோ எங்கிருந்தோ ஒரு வலக்குத்தை எடுத்து எறிந்தான். கலந்தர் அதை விரித்த வலக்கையால் தடுத்தான். பெருவிரல் பின்னால் மடிந்தது. கையுறைக்குள் என்ன நடந்தது என்று கலந்தரைத் தவிர யாருக்கும் தெரியாது.

மணி அடித்தது. கலந்தர் நின்றுகொண்டிருந்தான்.

7

முடிவு அ: றொசைரோ பறந்துபோய்க் கடலில் விழு—

முடிவு ஆ: மக்கீன் பொதியைத் திறந்தால் உள்ளே நாற்பதாம் நம்ப— வேண்டாம், மக்கீன் சொன்ன சொல்லைக் காப்பாற்றினான்.

நடந்தது இதுதான். நூல் பொதியை மாட்டு வண்டியில் ஏற்றி மருதமுனைக்குக் கொண்டுபோனோம். நானும் தொற்றிக்கொண்டேன். கலந்தர் இடக்கையுறையைக் கழற்றிவிட்டான். வலக்கையுறை கையிலேயே இருந்தது. “கயிறு நனைஞ்சு இறுகிப் போச்சு” என்று கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான். இழையை முடிந்து பிழைக்கிறவனுக்கு ஒரு கயிற்றை அவிழ்க்கத் தெரியாதா என்று யாரும் கேட்கவில்லை.

றுகையா வாசலில் நின்றாள். பொதியைப் பார்க்கவில்லை. கையுறையைப் பார்த்தாள். அவனை உள்ளே கூட்டிக்கொண்டு போனாள், கதவுத் திரை விழுந்தது. பொதி வாசலுக்கு இந்தப் பக்கம், வண்டியில். நான் பொதியின் மேல்.

“ஒளிச்சது போதும். நீட்டுங்க.”

கயிறு உருவுகிற சத்தம். பிறகு கையுறை தரையில் விழுகிற சத்தம்.

“நம்பர் பிழைச்சுப் போச்சு புள்ள” என்றான் கலந்தர்.

“பிழைக்கல்ல” என்றாள் றுகையா.

அந்த ஒரு சொல்லை வைத்துத்தான் அவள் அன்று கந்தோருக்கு வந்தாள் என்று நம்பிக்கொண்டிருக்கிறேன்.

“இந்தாங்க இழ. முடிங்க பாப்பம்.”

கொஞ்சம் பொறுத்து, திரைக்குள்ளிருந்து றுகையாவின் குரல் வந்தது: “தந்தி மாஸ்டர், பொதிய இறக்கச் சொல்லுங்க.”

கலந்தர் இழையை முடிந்தானா? இல்லை, அந்தப் பெருவிரலைக் கண்ட பிறகு அவளே முடிந்துவிட்டு, நிபந்தனையையும் சேர்த்து விழுங்கினாளா? கலந்தரிடம் கேட்டிருக்கலாம். இருபது வருஷம் ஒரே தெருவில் எதிர்ப்பட்டு நடந்தோம். கேட்கவில்லை.

அடுத்த மாதம் கலந்தர் வீட்டிலிருந்து கந்தோருக்கு எனக்கொரு சாறன் வந்தது. எண்பதாம் நம்பர் நூல், நீலக் கரை. கரையிலிருந்து நாலு விரல் தள்ளி, ஒரே ஒரு முடிச்சு. கண்ணுக்குத் தெரியாது, தடவினால் மட்டும் அகப்படும். இதை எழுதும்போது அது என் மடியில் கிடக்கிறது.

இந்தாருங்கள், பிடியுங்கள். விரலை இந்த இடத்தில் வையுங்கள். அகப்பட்டதா? அது யாருடைய கை, சொல்லுங்கள்.